படத்துக்காக உருவிய முட்டு

இன்று காலை ஒரகடத்தில் குழாய் பதிக்க ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டியிருந்தார்கள். ஈரக் களிமண் வாடை மூக்கில் ஏறியதுமே நீ என் நினைப்பில் வந்து நின்றாய். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

வடக்குப்பட்டுப் பக்கம் நாம் வேலை செய்தோமே, அந்தப் பள்ளத்து வாடையும் இதேதான். கம்பெனி கட்டுவதற்குமுன், எந்தக் காலத்திலாவது அங்கே பூமி அதிர்ந்து விலகியிருக்கிறதா என்று பார்க்க வெட்டியது. ஜேசிபி தோண்டிப் போட்டபின், மண் அடுக்குகள் தெரிய நீயும் நானும் கரண்டியால் சுவரைச் சுரண்டுவோம். நீ தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டுவாய்.

"இன்னாடி, கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வெக்கிறியா?" என்பேன்.

திருநெல்வேலிக்காரி, சும்மா விடுவாயா? "மாப்ள வீட்டுக்காரி நீதானக்கா, சீர்த்தட்டு எங்க?" என்று கேட்பாய்.

உன் பக்கத்துச் சுவரில்தான் அது தெரிந்தது. நேராக வந்த செம்மண் பட்டை ஓரிடத்தில் அறுந்து, ஒரு சாண் இறங்கி, அப்புறம் ஓடியது. பூமி நழுவின இடம் இதுதான் என்று ஆராய்ச்சி சார் பூரித்துப்போனார். மறுநாள் பெரிய ஆட்கள் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் படம் எடுக்க வேண்டும். சுவர் சரியாமலிருக்கக் குறுக்கே கொடுத்திருந்த மரமுட்டுகள் பட்டையை மறைத்தன.

"கட்டை மறைக்குது. கொஞ்ச நேரம்தான், எடுத்துடுங்க" என்றார்.

உருவினார்கள். நிறம் பளிச்சென்று தெரிய இன்னொருமுறை தண்ணீர் தெளிக்க வேண்டுமாம். நான் இறங்கப் போனேன். நீ விடவில்லை.

"யக்கா, எஞ் சொவருல்லா. வேற யாரு தொடுவா?"

நனைந்த சுவர் அப்படியே உன்மேல் உட்கார்ந்தது.

மண் சரிந்துவிட்டது, விதி என்று உன் புருஷனிடம் சொன்னார்கள். என்ன விதி? சரியும் என்று தெரிந்துதானே முட்டு கொடுத்தார்கள். தெரிந்துதானே எடுத்தார்கள். உன்மேலும் கோபம்தான். யாருடைய சுவரடி அது? உன் பேரிலா பட்டா போட்டுக் கொடுத்தார்கள்?

இன்றைக்கும் முட்டு இல்லாமல் இறங்கச் சொன்னான் சூப்பர்வைசர். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "உன்னோட பெரிய ரோதனை" என்றான் என்னைப் பார்த்து. மற்ற பெண்களும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கட்டை வந்து இறங்கும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

என் வாய் இன்னும் ஓயவில்லை, கவலைப்படாதே. ஆனால் பள்ளத்துக்குள் யாரையும் கேலி பேசுவதில்லை. வேலை முடிந்து மேலே ஏறி, எல்லாத் தலையும் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். அதற்கப்புறம்தான் ஆரம்பிப்பேன்.