ஷேக்கரிலிருந்து எடுத்த குடுவை

என் வாயாடி ஜமீலாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. டிங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன அன்று உன் வீட்டு வாசலில் நின்று கதறினேன். "கூடப் பொறந்தவகூட இப்படி அழ மாட்டா" என்றார் உன் பெரியம்மா. அந்த அழுகையில் பாதி பயம் என்று யாருக்கும் தெரியாது. இன்று உனக்குச் சொல்லப் போகிறேன். மற்றவர்கள் கேட்டால் கேட்கட்டும்.

முதலில் ஒரு செய்தி. நம் பேராசிரியருக்கு இப்போது உன் ஈஸ்ட் வேண்டுமாம். ஒரு மரபணு கெட்டுப்போன, நீ இரண்டு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த அதே ஈஸ்ட். "உள்ள புரதத்தைச் செய்யுது, சின்னப் பையில கட்டுது, எது மேல போகணும், எது குப்பைக்குப் போகணும்னு பிரிக்குது. எங்க வாப்பா கடையில சோத்தப் பொட்டலமா புங்குஸ் கட்டுற மாதிரி லா. கட்டினது கவுண்டருக்கு வரலன்னா கஸ்டமர் சும்மா விடுவானா?" என்பாய். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் உன் வாப்பா நடத்தும் நாசி கண்டார் சோற்றுக்கடையை வைத்தே எனக்கு முழுப் பாடத்தையும் நடத்திவிட்டாய்.

உன் புரதம் பச்சையாக ஒளிரும். இருபத்தைந்து டிகிரியில் வளர்த்தால் அது செல்லின் மேற்பரப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நுண்ணோக்கியில் பச்சை வளையம் தெரியும். முப்பதைத் தாண்டினால் பைகள் உள்ளேயே தேங்கிவிடும். வளையம் போய்ப் புள்ளிகள்தான் இருக்கும். பைகளை மேலே அனுப்புவது அந்த மரபணுதான் என்று நீ கண்டுபிடித்தது இப்படித்தான். "நம்ம ஈஸ்டுக்குப் பினாங்கு ஆகாது மாலு. வெளிய வெச்சா கதை முடிஞ்சது" என்று சொல்லிச் சொல்லியே குடுவையை ஷேக்கரில் வைப்பாய். குளிர்ச்சியில் ஆட்டிக்கொண்டே இருக்கும் அந்தப் பெட்டிக்காக நாம் எத்தனை முறை சண்டை போட்டிருப்போம்?

பேராசிரியர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்ன அந்தப் புதன்கிழமை, மதியம் நீ சாப்பிட வீட்டுக்குப் போனாய். என் குடுவைக்கு ஷேக்கரில் இடமில்லை. உன்னுடையதை எடுத்து ஜன்னலோர மேசையில் வைத்தேன். ஏர்கோன் கெட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. நீ வருவதற்குள் திரும்ப வைத்துவிட்டேன். மூன்று மணி நேரம்தானே என்று நினைத்தேன். எவ்வளவு லேசாக நினைத்தேன், பார்.

நான்கு மணிக்குப் பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். வளையம் இல்லை, புள்ளிகள். அப்படியானால் முன்பு காட்டிய படங்கள் எங்கிருந்து வந்தன என்றார். ஜோடித்தவை என்றார், எல்லார் முன்னாலும். இன்னொரு தடவை செய்துகாட்டச் சொல்லக்கூட அவருக்கு மனம் வரவில்லை. நீ என் பக்கம் திரும்பினாய்.

"மாலு, நீ சொல்லு. காலையிலயே ஷேக்கர்ல வெச்சேன்ல?"

"வெச்ச" என்றேன்.

அது பொய் இல்லை. அதற்குமேல் வாய் திறக்கவில்லை. என் உதவித்தொகை அவர் கையெழுத்தில் இருந்தது. த்தூ, நானும் ஒரு சிநேகிதி!

நீ படிப்பை விட்டாய். செபராங் ஜெயாவில் ஏதோ ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாய். அடுத்த வாரம் சொல்லலாம், பெருநாளைக்கு வீட்டுக்கு வரும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நான்கே மாதத்தில் நீ போய்விட்டாய். அவ்வளவு என்ன அவசரம் உனக்கு?

போன மாதம் உறைபெட்டியிலிருந்து உன் ஈஸ்டை எடுத்து நானே செய்தேன். ஷேக்கரை விட்டு நகரவில்லை. வளையம் வந்தது, அத்தனை அழகாக. இப்போது கட்டுரை எழுதப் போகிறார்களாம். முதல் பெயர் என்னுடையது. உன் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில். "பாவம் அந்தப் பொண்ணு" என்றார் மனுஷர். பாவமாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர்மேல். மீதி யார்மேல் என்று உனக்கே தெரியும்.

உன் உம்மாவை நானும் உம்மா என்றுதானே கூப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். போன வாரம் மீன் துண்டை என் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"எம் புள்ள பொய் சொல்லியிருப்பாளா?"

"இல்ல உம்மா."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னாங்க?"

நான் மீனில் முள் எடுக்கத் தொடங்கினேன். "சரி, நீ சாப்பிடு. நீயும் எனக்கு மகதான்" என்றார்.

நாளை காலை ஒன்பது மணிக்குக் கூட்டம், அதே அறையில். இந்தக் கடிதத்தை அங்கே வாசிப்பேன், ஜமீலா. உன் பெயர் முதலில் வராத எந்தக் கட்டுரையிலும் என் பெயர் இருக்காது. உதவித்தொகை போனால் போகட்டும், அவரிடம் எனக்கு இனிப் பயமில்லை. பயமெல்லாம் இன்று சாயங்காலத்துக்குத்தான். டத்தோ கிராமாட்டில் உன் வீட்டுக்குப் போய் உம்மாவிடம் இதை வாசிக்க வேண்டும். அவர் கண்ணில் புரை. என் வாயால்தான் கேட்க வேண்டும்.

'உன் தங்கச்சி' என்று போடத்தான் கை போகிறது. உம்மா இந்தக் கடிதத்தைக் கேட்டு முடித்த பிறகு, அவர் விட்டால், அப்படிப் போட்டுக்கொள்கிறேன்.

இப்போதைக்கு,
உன் குடுவையை வெளியே எடுத்து வைத்த
மாலதி