மூன்றாம் நம்பர் லிஃப்ட் செய்யாத குற்றம்

மார்ச் 3, திங்கள்

கம்பெனி விபத்துப் பதிவேட்டில் இன்றும் எழுதினேன்: ‘மூன்றாம் நம்பர் லிஃப்ட் கதவு இடித்து நெற்றியில் காயம். காலை 8.30.’ இடித்தது குக்கர் மூடி. நேற்று எறிந்தது என் மனைவி. பன்னிரண்டு வருட லிஃப்ட் மெக்கானிக், கதவு எப்போது மூடும் என்று தெரியாத மடையன் என நானே எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

மார்ச் 5

மூன்று லிஃப்டையும் சோதனைக்கு நிறுத்திவிட்டார்கள். ஒன்பது மாடிக்காரர்களும் படியேறி என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணனிடம் வாய்விட்டுச் சொன்னேன். “ஆம்பளதானே நீ? பதிலுக்கு ரெண்டு வைடா” என்றான். அடேயப்பா, என்ன வீரம்! வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட அண்ணியிடம் கேட்டு வாங்குகிறவன்.

மார்ச் 12

குடும்ப வன்முறை உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன், கணவர் அடிக்கிறாரா என்றது ஒரு குரல். நான்தான் அந்தக் கணவர் என்றேன். ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் இருமலாகிவிட்டது. ரொம்ப நாசூக்கு. வைத்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மகள் பென்சிலைத் தொலைத்தாளாம். ஏழு வயது. அவள் அம்மா ஸ்கேலால் விளாசியிருக்கிறாள். நான் கடைக்குப் போய் வருவதற்குள். கையில் இரண்டு தடம்.

“டீச்சர் கேட்டா கதவு இடிச்சிடுச்சுன்னு சொல்லட்டுமாப்பா?”

ஐயோ. இதையா கத்துக் குடுத்தேன்? என்ன அப்பன்டா நீ?

மார்ச் 18

ஆண்களுக்கும் அப்பாக்களுக்கும் என்று ஒரு ஆலோசனை மையம். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஆடுகிற ஃபேன். ஆலோசகர் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று தயாராகப் போயிருந்தேன், அதனால் அவர்மேலும் எரிச்சல். மகளை என்னோடு வைத்துக்கொள்ள கோர்ட்டில் ஆதாரம் கேட்பார்களாம். ஆதாரமா? என் கையெழுத்தில் ஏழு விபத்துப் பதிவு இருக்கிறது. ஏழும் மனைவியைக் காப்பாற்றத்தான்.

மார்ச் 20

கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். கண்டிப்பான அம்மாள். மறுபடி பயிற்சிக்கு அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். விபத்துப் பதிவேட்டையும் சாவிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

“ஏழும் திங்கக்கிழமை. காயம் எட்டரைக்கு, லிஃப்ட் சாவி வாங்கினது ஒன்பதுக்கு. வீட்ல என்ன நடக்குது?”

பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஜென்மம் நான். அங்கேயே அழுதேன். பிறகு உண்மையை எழுதிக் கொடுத்தேன். பொய்ப் பதிவுக்கு ஒரு மாதம் சஸ்பெண்ட். இரண்டு பதிவேட்டின் நகலையும் கோர்ட்டுக்குத் தர ஒப்புதல். சஸ்பெண்ட், ஒப்புதல், இரண்டு தாளிலும் ஒரே பேனாவால் கையெழுத்திட்டார்.

ஜூன் 14, சனி

இடைக்கால உத்தரவுப்படி மகள் என்னிடம். சனிக்கிழமை மட்டும் மையத்தில், ஆலோசகர் முன்னால், அம்மாவைப் பார்க்கிறாள். அண்ணன் போன் செய்து, ஜெயிச்சிட்டியேடா என்றான். வீராதி வீரனின் பாராட்டு.

இன்று வாடகை அறையில் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். நான் துணியெடுத்துத் துடைத்தேன். வேறு டம்ளரில் ஊற்றினேன். அப்படியே நின்றாள்.

“அவ்ளோதானாப்பா?”

“அவ்ளோதாம்மா.”