பத்தே நிமிஷத்தில் நிற்கிற டிரையர்

நவம்பர் 17, திங்கள்

மழை விடவில்லை. டிரையர் இன்றும் பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்ததாக மணி அடித்துவிட்டு நின்றது. திறந்தால், குழந்தைக்காகப் பழைய வேட்டியைக் கிழித்து வைத்த துணியெல்லாம் ஜில்லென்று ஈரம்.

ரோஹிணி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். குழந்தைக்கு லேசான மஞ்சள்தான், வெள்ளிக்கிழமை விட்டுவிடுவார்களாம். "துணி காயலன்னா குழந்தைக்கு ஆகாதும்மா. டிரையர் சரியாகலன்னா நேரா கோவிலம்பாக்கம் போயிடறேன்." அங்கேதான் அவள் மாமியார் புஷ்பலதா வீடு. அவர்கள் டிரையர் நன்றாக ஓடுகிறதாம்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வராமல் போவதா? என் பேரனைப் பார்க்க நான் மேடவாக்கத்திலிருந்து பஸ் ஏற வேண்டுமா? முடியாது.

இந்த மாதம் உருப்படியாக நடந்தது ஒன்றுதான் - மோர் மிளகாய். ரோஹிணியின் பிரசவத்துக்காக நான் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவர் பொறுப்பில் விட்டுப் போனேன். மொறுமொறுவென்று காய வைத்திருக்கிறார். எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாகிவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

மெக்கானிக் தாவீது வந்தார். ஆன் செய்து பார்த்தார், தலையை ஆட்டினார். "போர்டு பூட்ச்சு மேடம். புதுசு வர ரெண்டு வாரம் ஆவும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமே தாவீது!"

"ஸ்டாக் இல்லியே மேடம், நான் இன்னா பண்றது?"

இவர் சட்டென்று, "புது மெஷினே வாங்கிடலாம்" என்றார். அயர்ன் பாக்ஸ் ஒயருக்கு டேப் சுற்றியே ஏழு வருஷம் ஓட்டிய மனிதர்! என்ன ஆயிற்று இவருக்கு?

நவம்பர் 19, புதன்

காபி ஆற்றும்போது தோன்றியது. போர்டு போயிருந்தால் மெஷின் ஒழுங்காகச் சுற்றுமா? இது சுற்றுகிறது, பிறகு போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. உள்ளே சூடு ஏறிவிட்டது, துணி காய்ந்தாயிற்று என்று அதற்கு யாரோ சொல்கிறார்கள். யார்? சூட்டை அளக்கிற சென்சார்தானே!

அந்தச் சென்சார் ஒரு தெர்மிஸ்டர்; சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். தாம்பரம் ஸ்கூலில் முப்பத்தோரு வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. ரிட்டையர் ஆனபோது பிள்ளைகள் கொடுத்த, மின்தடை அளக்கிற மல்ட்டிமீட்டர் பீரோவில் பிரிக்காமல் கிடக்கிறது. வெட்கக்கேடு.

நவம்பர் 20, வியாழன்

கழற்றிவிட்டேன்!

"வேண்டாம் சாவித்ரி, ஷாக் அடிக்கும்."

"பிளக்கைப் பிடுங்கியாச்சு. டார்ச்சை ஒழுங்கா பிடிங்க."

பின்பக்கத் தகட்டுக்குள் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. இருபத்தைந்து டிகிரிக்குப் பத்து கிலோ ஓம் காட்ட வேண்டும். சென்சாரில் மல்ட்டிமீட்டரை வைத்தால் நம்முடையது ஒன்று புள்ளி ஒன்பது. அப்படியென்றால் கிட்டத்தட்ட அறுபத்தேழு டிகிரி! மழைச்சாரல் அடிக்கிற பால்கனியில்! புளுகுணி.

டார்ச்சைக் கிட்டே கொண்டுவரச் சொன்னேன். சென்சாரின் இரண்டு முனைக்கும் நடுவே வெள்ளையாக, ஈரமாக ஏதோ படிந்திருந்தது. மின்சாரம் அதன் வழியே கசிந்தால் மின்தடை குறைவாகத்தான் காட்டும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு! ஒரு புளித்த வாடை வேறு. பக்கத்தில் சேர்ந்திருந்த துணிப் பஞ்சில் ஒரு மிளகாய் விதை.

டார்ச் வெளிச்சம் மெல்ல நகர்ந்து சுவருக்குப் போனது.

"என்னங்க?"

"மூணு நாளும் விடாத மழை, சாவித்ரி. மிளகாய் பூஞ்சை பிடிச்சிடும்போல இருந்துது. தலையணை உறையில போட்டு முடிச்சுப் போட்டு..."

"மூணு நாளுமா?"

"ராத்திரி மோர்ல ஊறப்போடுவேன். காலைல மறுபடியும் இதுல..."

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். குழந்தை துணி காயற மெஷின்ல மிளகாயா, அறிவிருக்கா, ஏன் முதல்லயே சொல்லல? "ஆசையா போட்டுட்டுப் போனியே, வீணாப் போச்சுன்னு ஒங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். அதற்கு மேல் எங்கே கத்துவது? சிரிப்பு வந்துவிட்டது.

வெந்நீரும் பழைய டூத் பிரஷும் வைத்துச் சுத்தம் செய்தேன். காய்ந்து ஆறியதும் அளந்தால் எட்டே முக்கால். பால்கனியில் இருபத்தெட்டு டிகிரி - கணக்குச் சரி! அழுதுவிட்டேன், என்ன இப்போ? டிரம்மை இவரை விட்டே நாலு தடவை துடைக்கச் சொன்னேன். பிறகு ஓட விட்டோம். ஐம்பது நிமிஷம். துணி சுடச்சுட வந்தது, மிளகாய் வாடை துளி இல்லை.

ரோஹிணிக்குப் போன்: "நேரா இங்க வா."

நவம்பர் 21, வெள்ளி

வந்துவிட்டான். மூக்கு இவருடையது.

நவம்பர் 23, ஞாயிறு

புஷ்பலதா குழந்தையைப் பார்க்க வந்தார். தயிர்சாதம் சாப்பிட்டார், மோர் மிளகாயை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இந்த மழையில எப்படிங்க இப்படிக் காய வெச்சீங்க? உங்க பால்கனியில அவ்வளவு வெயிலா?"

இவர் தலை தட்டை விட்டு நிமிரவில்லை.

"நல்ல வெயிலுங்க," என்றேன். "மூணு நாளும்."