பெரட்டுக்கு எழுப்பும் குரல்

தோஹா, 12.05.2008

அன்புள்ள சுஜீதா,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் எப்படி?

அறையிலுள்ள கம்ப்யூட்டரில் லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். போட்டோக்களை முன்கூட்டியே சிடியில் எடுத்து வைத்தவன், உன் குரலை மறந்துவிட்டேன். கம்ப்யூட்டரைப் போட்டதும், தோட்டத்தில் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு என்னை எழுப்பியது போலவே, "எந்திரிங்க, பெரட்டுக்கு நேரமாச்சு!" என்று கத்துவாயே, போன லீவில் பதிந்தது, அது அழிந்துவிட்டது. இப்போது ஏதோ மேளம்தான் தட்டுகிறது.

என் அறையில் இருக்கும் எஹலியகொட நிமல்கூட, "நங்கி கோ?" தங்கச்சி எங்கே என்று சிங்களத்தில் கேட்டு, உன் குரலைத் தேடுகிறான். சிரித்து வைத்தேன்.

லீவு முடிந்து கஹவத்தையிலிருந்து திரும்பும் அஜந்தனிடம் கொத்தமல்லி கொடுத்தனுப்பு. என்னை எழுப்பும் அந்தச் சத்தத்தையும் அவன் போனில் பேசிப் பதிந்துவிடு. நன்றாகத் திட்டியே பேசு. நடுவில் சேவல் கூவினால் நிறுத்தாதே.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. இப்போதெல்லாம் யாரும் எழுப்பாமலே எழுந்துவிடுகிறேன், சுஜீதா. அதுதான் பிடிக்கவில்லை.

உன்
யோகராஜ்