இல்லக்கா என்று சொன்னேன்

பாப்பாவோட அப்பாவுக்கு,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா நன்றாக இருக்கிறாள், ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள்.

எக்ஸ்ரே அறைக்கு வரும் பெண்களிடமெல்லாம் நான் கேட்கும் கேள்வி உங்களுக்கே மனப்பாடம்: "மாசமா இருக்கீங்களா?" இன்று கை உடைந்து வந்த ஒரு அக்கா, "எனக்கு பேரனே இருக்கான் கண்ணு. நீ இருக்கியா?" என்று சிரித்தார். "இல்லக்கா" என்றேன். வயிற்றில் இருப்பதற்குக் கேட்டிருக்குமோ என்று பயந்துவிட்டேன்.

போன தடவை சந்தோஷத்தில் ஊருக்கெல்லாம் சொன்னோம். கலைந்த பிறகு ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னது நான்தான். கேன்டீன் அண்ணனிடம் மட்டும் சொல்ல விட்டுப்போனது. அவர் பாட்டுக்கு ரொம்ப நாள் எனக்குப் பால் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தார். நானும் உண்மையைச் சொல்லாமல் குடித்தேன்.

சொன்னால்தான் பெரிய டாக்டர் என்னை அந்த அறையிலிருந்து மாற்றுவார். மாற்றினால் எல்லோருக்கும் புரிந்துவிடும். சொல்லவும் பயம், சொல்லாமல் அங்கே நிற்க அதைவிடப் பயம். நாளைக்குக் காலையில் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

அத்தையிடம் இப்போது சொல்ல வேண்டாம். நீங்களும் போனில் வாழ்த்தெல்லாம் சொல்லாதீர்கள். வழக்கம்போல "சாப்பிட்டியா" என்று மட்டும் கேளுங்கள். எனக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா