ஆறு மணி நேரத்தோடு நின்ற வரைபடம்

மார்ச் 3

என் அன்பு நெட்டைக்கு,

முதுகு ஆபரேஷன் முடிந்து மல்லாந்து படுத்தபடி எழுதுகிறேன், கிறுக்கலைப் பொறுத்துக்கொள். ஆய்வகத்தில் நான் வளர்க்கும் செல்களை நீதான் கவனித்துக்கொள்கிறாயாம். உன்னை விட்டால் எனக்கு யார்?

என் நோட்டில் நாற்பத்தோராம் பக்கத்தைப் பார். மரபணு மருந்தைச் சுமந்துபோக நாம் செய்த பாலிமர் நேர்மின்னூட்டம் கொண்டது. அதனால்தான் மரபணுவைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டு செல்லுக்குள் போகிறது. போன இடத்தில் சும்மா இருப்பதில்லை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்விலும் ஒட்டி அதைக் குலைக்கிறது. சாயம் ஏற்றிப் பார்த்தேன்: ஆறு மணி நேரம் வரை நல்லபடியாகச் சிவப்பாக ஒளிர்ந்த செல்கள் மறுநாள் பச்சையாகிவிட்டன. சவ்வு மின்னழுத்தத்தை இழந்துவிட்டது, அடுத்தது சாவுதான். கல்லீரல் நோயாளிகளுக்குப் போகப்போகும் மருந்து இது. ஆய்வக இயக்குநரிடம் உடனே காட்டு.

உன் வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

நீ இல்லாமல் ஆய்வகமே ஊமையாகக் கிடக்கிறது. உன் செல்களின் படங்களை இயக்குநரிடம் காட்டினேன். “மறுபடி ஒரு தடவ செஞ்சு பாரும்மா” என்றார். செய்கிறேன். நீ முதுகைக் கவனி, மாடிப்படி ஏறாதே. உன் கண்டுபிடிப்பு எங்கேயும் போய்விடாது, நான் இருக்கிறேன்.

உன் நெட்டை

ஜூன் 8

நெட்டை,

நம் பாலிமர் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்ததை வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் பெயர் கடைசியில் இருக்கிறது, போகட்டும். அதிலுள்ள வரைபடம் ஏன் ஆறு மணி நேரத்தோடு நிற்கிறது, மறுநாள் பச்சையானது எங்கே?

இயக்குநருக்குப் போன் செய்தேன். “உங்க செல்லுல கிருமித்தொற்று இருந்துச்சுன்னு உங்க ஃப்ரெண்டுதானே எழுதிக் குடுத்தாங்க?” என்றார்.

உண்மையிலேயே தொற்று இருந்ததா? இருந்திருந்தால் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு வரி எழுது.

வாயாடி

ஜூன் 14

வாயாடிக்கு,

உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. தொற்று இல்லை. நான் செய்தபோதும் பச்சைதான் வந்தது. சொன்னால் எல்லாம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். என் வேலை நிரந்தரமாவது இந்தக் கட்டுரையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கட்டுரையில் சரிசெய்துவிடலாம். யாரிடமும் சொல்லிவிடாதே, உன் காலில் விழுகிறேன்.

நெட்டை

ஜூலை 2

நெட்டை,

விசாரணை வேண்டும் என்று கேட்டது நான்தான். நோட்டை மட்டும்தான் கொடுத்தேன், உன் கடிதத்தைக் கொடுக்கவில்லை. மீதியை நீயே சொல்லிவிடுவாய் என்றிருந்தேன்.

முந்தாநாள் விசாரணை அறைக்குள் நுழைந்ததும், “முதுகு வலிக்கும், இதுல உக்காருடி” என்று சாய்வு நாற்காலியை இழுத்துப்போட்டாய். உட்கார்ந்தேன். பிறகு என் முகத்தைப் பார்த்தே விசாரணைக் குழுவிடம் சொன்னாய்: “தொற்று இருந்துச்சு. அவ கொஞ்சம் அசால்ட்டாதான் வேலை செய்வா.”

கடிதம் அப்போது என் பையில் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே மேஜையில் வேலை செய்தோம். அந்த மருந்து ஏறப்போகும் ஆட்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

இன்று காலை உன் கடிதத்தை அவர்களுக்கு அனுப்பிவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது அவர்கள் அதைப் படித்து முடித்திருப்பார்கள். முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்தான். நீயும் முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாம்.

வாயாடி