தொடாத கம்பியின் முனகல்

அதியமான்கோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பிரியதர்ஷினிக்கு,

ஆமிர் எழுதுகிறேன். பெங்களூரில் நீ சுகமாக இருக்க வேண்டும். போன் செய்தால் பாதியில் புகுந்து சமாதானம் சொல்வாய், அதனால்தான் கடிதம்; பெங்களூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கம்பெனிக்கு நாம் ஒலி அமைத்துக்கொடுத்த டிஜிட்டல் பியானோவில், எதை வாசித்தாலும் ஒரு சுரம் மட்டும் பின்னால் முனகுகிறது என்று உன் மேலாளர் திருப்பி அனுப்பினாரே, காரணம் தெரிந்துவிட்டது. நிஜப் பியானோவில் காலடிப் பெடலை அழுத்திக்கொண்டு ஒரு கம்பியைத் தட்டினால், தொடாத கம்பிகளும் சேர்ந்து அதிரும். கம்பியே இல்லாத பெட்டிக்குள் அந்த அதிர்வைக் கணக்குப் போட்டு வரவழைப்பதுதானே நம் வேலை. அதற்காகத்தான் நஞ்சப்பன் கல்யாண மண்டபத்துப் பழைய பியானோவைப் பதிவுசெய்தோம்.

மண்டப வாசலில் ஓசூருக்கு ஆளேற்றும் கம்பெனி பஸ்கள் நிற்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சுரத்தில் ஹாரன். நம்மோடு இன்ஜினியரிங் படித்த பாதிப் பேர் அதில்தான் கூலிக்குப் போகிறார்கள். ஹாரன் ஒலித்த இடங்களை நீ வெட்டி எடுத்தாய். சரியாகத்தான் வெட்டினாய். ஆனால் ஹாரன் நின்ற பிறகும், அது கிளப்பிவிட்ட கம்பி அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைப் பியானோவின் குணம் என்று நினைத்துக் கணக்கில் சேர்த்துவிட்டோம். இந்த ரோட்டோரத்தில் வளர்ந்த நமக்கு அது தனியாகக் கேட்கவே இல்லை. நாலு வருஷம் ஒலியைப் பற்றிப் பாடம் நடத்திய கல்லூரியில், சத்தம் புகாத ஓர் அறையாவது இருந்ததா?

மறுபடி பதிவுசெய்ய நேற்று மண்டபத்துக்குப் போனேன். பியானோவின் கம்பிகளைப் பிடுங்கி எடைக்குப் போட்டுவிட்டு, உள்ளே சீரியல் பல்பு விட்டிருக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னால் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள. "யாருங்க தம்பி அதத் தட்டப் போறாங்க? இப்பப் பாருங்க, எப்பிடி ஜொலிக்குது" என்றார் நஞ்சப்பன்.

சேலத்தில் ஒரு பள்ளியில் பியானோ இருக்கிறது. போன் செய்தேன், வரச் சொன்னார்கள். போனதும் பெயர் கேட்டார்கள். பெயரைச் சொல்லும்வரை அறைச் சாவி அவர்களிடம்தான் இருந்தது. சொன்னதும் சாவியைக் காணோம் என்றார்கள்.

அப்பா மெத்தைக் கடையில் உட்காரச் சொல்கிறார். "இல்லாத கம்பிக்கு எதுக்குடா அழுவுற, இருக்கிற மெத்தைய வித்துக் குடு" என்கிறார்.

திங்கட்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் உன்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களாம். நீ என்னிடம் சொல்லவில்லை. என் தங்கை ஹுமேராவிடம் சொல்லி அழுதிருக்கிறாய். என்னை நம்பச் சொல்லி உன் கம்பெனியில் பேசியது நீதான் என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமைக்குள் எனக்கு எந்தப் பியானோவும் கிடைக்காது. அதனால் ஒன்று செய். பதிவு செய்தது, வெட்டியது, கணக்குப் போட்டது எல்லாம் ஆமிர்தான் என்று சொல்லிவிடு. தர்மபுரிக்காரன், அரைகுறை, ஏமாற்றிவிட்டான் என்று சொல். உடனே நம்புவார்கள். என் முகத்தை அவர்கள் பார்க்கப் போவதில்லை. நீ தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

உன் வேலை நிலைக்கட்டும். தீபாவளிக்கு வந்தால் நேராக நல்லம்பள்ளிக்கு, உன் வீட்டுக்குப் போய்விடு. வழியில் எங்கள் கடைப் பக்கம் இறங்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆமிர்